பதிவேட்டின்படி மூழ்கியது

எண்ணூறு குரோனர்,
கூடவே ஒரு பெட்டி உறைந்த காட் மீன்.
ஹில்மாரின் படகுக் கொட்டகையில்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில்
குப்புறக் கிடந்தது.
ஒற்றை சிலிண்டர், எட்டுக் குதிரைத்திறன்,
தலையில் வார்ப்பிரும்புக் குமிழ்.
"பத்தொன்பதாம் வருடத்தது" என்றார்.
விற்கிறவருக்கு எல்லா இன்ஜினும்
பத்தொன்பதுதான்.

நான் நம்புவது திருகாணிகளை.
மரையில் அளவுச்சீப்பை வைத்தேன்: அங்குலக் கணக்கு.
இந்தப் பட்டறை மில்லிமீட்டருக்கு மாறியது
முப்பத்தைந்தில்.
எண்ணெய்க் கிண்ணத்தின் பித்தளை மூடியில்
ஒரு நீர்நாய்.
நீர்நாய் முத்திரைக்காரன் கடை திறந்தது
இருபத்தாறில்.
பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினால் சாம்பல்,
சாம்பலைச் சுரண்டினால் சிவப்பு,
அதற்குக் கீழே என் நகம்தான் உடைந்தது.
சரி,
இந்த ஒன்பது வருடத்துக்குள் எங்கோ
பிறந்திருக்கிறாய்.

பிஸ்டன் இறுகியிருந்தது.
கியர் எண்ணெயும் அசிட்டோனும் கலந்து ஊற்றி
வேலைக்குப் போகுமுன் தினமும்
மரக்கட்டை வைத்து ஒரு தட்டு.
ஒரே ஒரு தட்டு.
நாற்பத்தோராம் நாள்
முடியளவு நகர்ந்தது.
அன்று யாரிடமும் சொல்லாமல்
நின்றபடியே நான்கு வாஃபிள் தின்றேன்.

தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும்.
கிராங்க் தண்டின் முனையிலாவது
எண் இருக்க வேண்டும்.
அங்கே அரத்தின் தடம்.
தேய்மானம் இல்லை, துரு இல்லை.
யாரோ உட்கார்ந்து
அவசரமில்லாமல் அராவியிருக்கிறார்கள்.

ஆனால் அச்சு விழுந்த எஃகு
மேல்தோல் போனபிறகும்
உள்ளே நசுங்கியே கிடக்கும்.
கண்ணாடிபோலத் தேய்த்து
பஞ்சில் அமிலம் தொட்டு வைத்தேன்.
நான்கு. நான்கு. ஒன்று.
வெகுநேரம் கழித்து, ஏழு.

விற்பனைப் பேரேடு பெர்கனில் இருக்கிறது.
டோர்டிஸ் என்பவள் போனில் வாசித்தாள்:
"4417. மே, 1929.
படகு ஸ்வான்ஹில்ட். உரிமையாளர் எட்வின் ஹோவ்டன்.
இரு, ஓரத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, வேறு மை...
1931 நவம்பர், புயலில் படகோடு மூழ்கியது.
காப்பீட்டுத் தொகை கொடுக்கப்பட்டது.
எங்கே கிடைத்தது என்றாய்?"

எட்வின், ஹில்மாரின் அப்பா.

போனை வைத்துவிட்டு
தண்ணீர் உறைக்குள் டார்ச் அடித்தேன்.
முழு ஆயுளும் கடல்நீர் குடித்த இன்ஜினில்
உப்பு விரல்தடிமனுக்குப் படிந்திருக்கும்.
இதில் வெறும் தோல்போல,
இரண்டு குளிர்கால உப்பு.
முதல் நாளே பார்த்தேன்.
நல்ல நிலையில் இருக்கிறதே என்று
மகிழ்ந்துபோனேன், முட்டாள்.

ஜூனில் ஹில்மார் வந்தார்,
பிளாஸ்கில் காப்பியோடு, ஓடுவதைக் கேட்க.
ஊதுவிளக்குப் பத்து நிமிடம்.
குமிழ் மங்கலாகச் சிவந்ததும்
ஃப்ளைவீலை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டி
விட்டேன்.
தொம்.
ஒன்றுமில்லை.
தொம். தொம்.
தலைகீழாகச் சுற்றியது, இந்த ஜாதிக்கே உள்ள குணம்.
எரிபொருளைக் குறைத்து, நிற்கப் போகிற கணத்தில்
மறுபடி கொடுத்தேன். திரும்பியது.
புகைக்குழாய் ஒரு வளையம் விட்டது.

"அப்பாவுக்கு இந்தச் சத்தம் ஆகாது" என்றார் ஹில்மார்.
"இப்படி ஒரு படகு போனால்
ஜன்னலைச் சாத்திவிடுவார்.
மழையே இல்லாத நாளிலும்."

கோடைக் கண்காட்சிக்கான படிவம் பெஞ்சின்மேல் கிடந்தது.
வருடம் என்ற கட்டம் காலி.
அதில் விரல் வைத்தார்.
"எதுவென்று கண்டுபிடித்தாயா?"

"நீங்கள் சொன்னதுதான்.
பத்தொன்பது."

காப்பியை ஊற்றினார்,
மூடி நிரம்பி வழிந்து மணிக்கட்டுவரை.

"இருக்காது" என்றார்.
"அவ்வளவு பழசாக இருக்காது, கியர்த்ருட்."

நான் எண்ணெய்க் கிண்ணத்தின் சொட்டை
எண்ணத் தொடங்கினேன்.
நிமிடத்துக்குப் பதினான்கு.
இன்னும் கொஞ்சம் திறக்கலாம்.